கடல் கடக்கும் உணவு



உணவைச் சமைப்பது எளிது. சமைத்ததைக் கெடாமல் வைத்திருப்பது அரிது. கெடாமல் காத்துக் கடலுக்கு அப்பால் அனுப்புவது அதனினும் அரிது. கடையில் அடுக்கி வைத்திருக்கும் ஒரு தகர டப்பாவையோ கண்ணாடிச் சாடியையோ நாம் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் அதனுள் வேதியியலும் உயிரியலும் இயற்பியலும் வணிகமும் ஒருங்கே அடைபட்டுக் கிடக்கின்றன. சில வேளைகளில் அதனை உண்பாரின் உயிரும் அதனுள் அடங்கியிருக்கிறது. அந்த டப்பாவைத் திறந்து உங்களுக்குக் காட்டுவதே என் பேச்சின் நோக்கம்.

உணவைக் காக்கும் முறைகளை நம் முன்னோர் அறியாதவர் அல்லர். வெயிலில் வற்றலும் வடகமும் உலர்த்தினர். மாவடுவை உப்பில் ஊற வைத்தனர். மீனைக் கருவாடாக்கினர். நெடுவழி செல்வோர் புளிச்சோறு கட்டிக்கொண்டு சென்றனர். இம்முறைகளின் உட்பொருள் யாது? உணவைக் கெடுப்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவை வாழ நீர் வேண்டும். வெயில் நீரைப் போக்குகிறது. உப்பு நீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. புளிப்பு, நுண்ணுயிர்கள் பெருகுவதைத் தடுக்கிறது. காரணத்தைப் பெயர் சொல்லி விளக்காவிடினும் காரியத்தை நம் பாட்டிமார் செவ்வனே செய்து வந்தனர்.

ஆனால் மாதக்கணக்கில் கடலில் செல்லும் கப்பலுக்கு இம்முறைகள் போதவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் ஐரோப்பிய மாலுமிகள் கல்லைப் போன்ற உலர்ந்த ரொட்டியையும், பீப்பாயில் உப்பிட்டு அடைத்த இறைச்சியையும் உண்டு காலந்தள்ளினர். ரொட்டியில் வண்டு மொய்க்கும், இறைச்சி நாறும். பசிய காய்கனிகள் கிட்டாமையால் ஈறுகள் வீங்கிக் குருதி கசியும் ஸ்கர்வி என்னும் நோய் கண்டு மடிந்தோர் பலர். பகைவரின் பீரங்கிக்கு இரையானோரைவிட நோய்க்கு இரையான கடற்படையினரே மிகுதி.

இந்நிலையை மாற்றியவர் அறிவியற் பட்டம் பெற்றவர் அல்லர். மிட்டாய் செய்யும் தொழிலாளி. பிரான்சு நாட்டினரான நிக்கோலா அப்பேர் 1795-ஆம் ஆண்டையொட்டித் தம் சோதனைகளைத் தொடங்கினார். காய்கறி, பட்டாணி, இறைச்சி முதலியவற்றை வாயகன்ற கண்ணாடிப் புட்டிகளில் இட்டு, தக்கையால் இறுக மூடி, கம்பியால் கட்டி, கொதிநீரில் நெடுநேரம் வைத்தார். புட்டிக்குள் இருந்தவை பல மாதங்கள் கெடாதிருந்தன. 1810-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசு அவருக்கு 12,000 பிராங்கு பரிசளித்தது. அதற்கு ஒரு நிபந்தனையும் விதித்தது. கண்டறிந்த முறையை மறைக்காமல் நூலாக எழுதி வெளியிட வேண்டும் என்பதே அது. அவர் அவ்வாறே வெளியிட்டார். உணவு ஏன் கெடவில்லை என்பது அவருக்கும் தெளிவாகத் தெரியாது. அதனை விளக்க வேண்டிய லூயி பாஸ்டர் பிறந்ததே 1822-ஆம் ஆண்டில்தான்.

கண்ணாடி உடையும் பொருள். அலையில் ஆடும் கப்பலுக்கு அது ஏற்றதன்று. ஆகவே 1810-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் பீட்டர் டூரண்டு என்பார் வெள்ளீயம் பூசிய இரும்புத் தகட்டாலான கலங்களுக்கு உரிமம் பெற்றார். 1813-ஆம் ஆண்டில் டாங்கின், ஹால் என்போரின் தொழிற்சாலை ஆங்கிலக் கடற்படைக்கு டப்பா உணவை வழங்கியது. அக்காலத்தில் டப்பாவைத் திறக்கத் தனிக் கருவி இல்லை. உளியும் சுத்தியும் கொண்டு வெட்டுக என்று டப்பாவின் மேலேயே எழுதியிருந்தார்கள்! ஆயினும் அதன் ஆற்றலைப் பாருங்கள். 1824-ஆம் ஆண்டில் பாரி என்னும் தளபதியின் வடதுருவப் பயணத்திற்காகக் கப்பலேறிய கன்றிறைச்சி டப்பா ஒன்று உண்ணப்படாமல் திரும்பி வந்து, அருங்காட்சியகத்தில் கிடந்தது. நூறாண்டுகளுக்குப் பின், 1930களின் இறுதியில், அறிவியலார் அதனைத் திறந்து எலிகளுக்கு ஊட்டிப் பார்த்தனர். எலிகளுக்கு யாதொரு தீங்கும் நேரவில்லை.

இதனால் டப்பாவில் அடைத்தவை எல்லாம் அழியாதவை என்று கருதிவிடலாகாது. 1852-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் காஸ்போர்ட்டு என்னுமிடத்தில், கடற்படைப் பண்டகசாலையில் இருந்த இறைச்சி டப்பாக்களை அதிகாரிகள் சோதித்தனர். முதலில் திறந்த 306 டப்பாக்களில் 42 மட்டுமே உண்ணத் தக்கவையாக இருந்தன. மற்றவற்றின் நாற்றத்தைத் தாங்க இயலாமல் சோதனை செய்தோர் தவித்தனர். அவை கோல்ட்னர் என்னும் ஒப்பந்தக்காரர் அனுப்பியவை. செய்தி பரவியதும் மக்கள் சினங்கொண்டனர். நாடாளுமன்றம் விசாரணை நடத்தியது. டப்பாக்களின் அளவைப் பெரிதாக்கியமை அக்கேட்டிற்குரிய காரணங்களுள் ஒன்று. சிறிய டப்பாவில் வெப்பம் விரைவில் நடுவிடத்தை அடையும்; பெரிய டப்பாவில் அதே நேரத்திற்குள் அடையாது. வெளிப்புறம் வெந்திருக்கும், நடுப்பகுதியில் நுண்ணுயிர் பிழைத்திருக்கும். ஒரு பானையின் அடிச்சோறு வெந்ததைக் கண்டு முழுப்பானையும் வெந்தது என்று முடிவு கட்டுதல் தகுமா?

எவ்வளவு வெப்பம், எவ்வளவு நேரம் என்னும் வினாவிற்குச் சோதனைச்சாலை விடை கூறிய காலம் 1895, 1896-ஆம் ஆண்டுகள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பிரெஸ்காட்டு, அண்டர்வுட்டு என்னும் இருவர், வீங்கிய சிப்பி இறைச்சி டப்பாக்களை ஆராய்ந்தனர். சில நுண்ணுயிர்கள் ஸ்போர் என்னும் கடினமான வித்தாக மாறி, கொதிநீரின் 100 பாகை வெப்பத்தையும் தாங்கிக்கொள்ளும். அவற்றை அழிக்க, அழுத்தத்திற்கு உட்பட்ட நீராவியில் ஏறத்தாழ 121 பாகை செல்சியசுக்கு உயர்த்த வேண்டும். உங்கள் வீட்டுப் பிரஷர் குக்கரின் தத்துவமும் இதுவே. இவ்வித்துகளுள் கொடியது கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்பது. காற்றில்லாத டப்பாவே அதற்கு உகந்த வீடு. அது உண்டாக்கும் நஞ்சு நரம்புகளைச் செயலற்றவையாக்கி மூச்சை நிறுத்திவிடும்.

ஆனால் அதற்கும் ஒரு பகை உண்டு, அதுவே புளிப்பு. புளிப்பின் அளவைக் காட்டும் பி.எச். எண் 4.6-க்கு மேற்படாத உணவில் அவ்வித்து முளைப்பதில்லை. ஆகவே ஊறுகாய்க்கும் மாம்பழக் கூழுக்கும் கொதிநீர் வெப்பமே போதும். இறைச்சிக்கும் மீனுக்கும் பயறுக்கும் போதாது. இவ்வுண்மையின் பயனை நம் தென்னாட்டிலேயே காணலாம். கெர்கின் என்னும் குட்டி வெள்ளரியை 1990களின் தொடக்கத்தில் கருநாடகத்தில் ஏற்றுமதிக்கெனப் பயிரிடத் தொடங்கினர். பின்னர் அது தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் பரவியது. ஏறத்தாழ 90 நாளில் விளையும் பயிர் அது. சிறு நிலமுடைய உழவர்கள் ஒப்பந்த முறையில் விளைவிக்கின்றனர். விளைந்ததை வினிகரிலோ உப்புநீரிலோ இட்டுப் பீப்பாய்களிலும் சாடிகளிலும் அடைத்து அமெரிக்காவிற்கும் ஐரோப்பாவிற்கும் கப்பலில் அனுப்புகின்றனர். விளைவிப்பவர் வீட்டு இலையில் அது பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. ஆயினும் அவ்வீட்டுப் பிள்ளைகளின் படிப்புச் செலவு அதிலிருந்து வருகிறது.

இனி, பண்டம் கப்பலேறும் முறையைக் காண்போம். பழங்காலத்தில் மூட்டைகளையும் பெட்டிகளையும் தொழிலாளர் ஒவ்வொன்றாகச் சுமந்து ஏற்றினர். அக்கரையில் ஒவ்வொன்றாக இறக்கினர். கப்பல் கடலில் ஓடிய நாளுக்கு இணையாகத் துறைமுகத்தில் காத்துக் கிடந்த நாளும் உண்டு. 1956-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் இதில் ஒரு திருப்பம் நேர்ந்தது. மால்கம் மெக்லீன் என்னும் அமெரிக்க லாரி முதலாளி, சரக்கு நிறைந்த 58 அலுமினியப் பெட்டகங்களை அப்படியே தூக்கி, 'ஐடியல் எக்ஸ்' என்னும் கப்பலில் வைத்து, நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். கையால் ஏற்றினால் டன் ஒன்றுக்கு 5 டாலர் 86 சென்ட்டு செலவாகும். அன்று ஆனது 16 சென்ட்டுக்கும் குறைவு. கன்டெய்னர் என்று நாம் இன்று வழங்கும் சரக்குப் பெட்டகத்தின் வரலாறு இதுவாகும். இதனால் உலக வணிகம் பெருகியது. துறைமுகங்களில் சுமை தூக்கிப் பிழைத்த எண்ணற்றோர் வேலை இழந்தனர் என்பதையும் வரலாறு படிப்போர் மறத்தலாகாது.

நான் கணக்கு வகுப்பில் மாணவர்க்குத் தரும் வினா ஒன்றை உங்களுக்கும் தருகிறேன். இருபதடிப் பெட்டகத்தின் கொள்ளளவு ஏறத்தாழ 33 கன மீட்டர். நாற்பதடிப் பெட்டகத்தினது 67 கன மீட்டர். 24 டப்பாக்கள் அடங்கிய ஓர் அட்டைப்பெட்டி 15 லிட்டர் இடமும் 12 கிலோகிராம் எடையும் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். இருபதடிப் பெட்டகத்தில் 2,200 பெட்டிகள் அடங்கும்; எடை 26,400 கிலோகிராம். நாற்பதடியில் இருமடங்கு ஏற்றலாமே என்பீர்கள். இடம் இருக்கிறது; ஆனால் உரிமை இல்லை. இருவகைப் பெட்டகத்திற்கும் தன் எடையும் சேர்த்து வரம்பு பொதுவாக 30,480 கிலோகிராமே. ஆகவே கனத்த டப்பாக்களுக்கு இருபதடியே சிக்கனம். அப்பளம், வடகம் போன்ற இலேசான பண்டங்களுக்கு நாற்பதடி ஏற்றது. எடையைக் குறைத்துச் சொல்லி ஏற்றினால் கப்பலின் சமநிலை குலையும்; பெட்டக அடுக்குகள் சரியும். அதனால் 2016-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள் முதல், எடையைச் சரிபார்த்துச் சான்று தராத பெட்டகத்தைக் கப்பலில் ஏற்றலாகாது என்பது உலக விதியாகிவிட்டது.

அடுத்த பகை ஈரம். மூடிய பெட்டகத்திற்குள் மழை பெய்யும் என்றால் நம்புவீர்களா? நம் நாட்டின் வெப்பமும் ஈரமும் மிக்க காற்றை உள்ளே வைத்துப் பெட்டகத்தை மூடுகிறோம். கப்பல் குளிர்ந்த வடகடலை நெருங்குகிறது. இரவில் இரும்புக் கூரை குளிர்கிறது. உள்ளிருக்கும் நீராவி கூரையில் துளித்துளியாகப் படிந்து, அட்டைப்பெட்டிகளின் மேல் சொட்டுகிறது. அட்டை ஊறி வலுவிழக்கிறது, மேலடுக்கின் பாரத்தால் கீழடுக்கு நசுங்குகிறது, ஒட்டிய தாள் உரிகிறது, தகரம் துருப்பிடிக்கிறது. இதற்குப் 'பெட்டக மழை' என்றே பெயர். குளிர்நாட்டிலிருந்து வெப்பநாட்டிற்கு வரும்போது நிகழ்வது இதன் மறுபக்கம். கதவைத் திறந்தவுடன், குளிர்நீர் நிறைந்த தம்ளரின் புறத்தே முத்து முத்தாக நீர் படிவது போல, குளிர்ந்த டப்பாக்களின் மேல் வெளிக்காற்றின் ஈரம் படிகிறது. எனவே நன்கு உலர்ந்த மரத்தாலான பேலட்டின் மீது பெட்டிகளை அடுக்குகின்றனர். கால்சியம் குளோரைடு போன்ற ஈரம் உறிஞ்சும் பொருளைப் பைகளில் இட்டு உள்ளே தொங்கவிடுகின்றனர். அம்மரத்தின் நடுப்பகுதியை 56 பாகை வெப்பத்தில் 30 நிமிடம் வைத்துப் பதப்படுத்துவது வழக்கம். ஒரு நாட்டின் மரப்புழு மற்றொரு நாட்டின் காட்டை அழித்துவிடாதிருக்க இந்த ஏற்பாடு.

காலமும் ஒரு பகையே. டப்பாவின் மேல் அச்சிட்ட நாள் கடலிலும் குறைந்துகொண்டேயிருக்கும். 2021-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் 'எவர் கிவன்' என்னும் கப்பல் சூயெசுக் கால்வாயில் குறுக்கே சிக்கி ஆறு நாள் வழியடைத்தது. 2023-ஆம் ஆண்டின் இறுதியில் செங்கடலில் தாக்குதல்கள் நிகழ்ந்தபோது, பல கப்பல்கள் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்ல நேர்ந்தது. ஆசியாவிலிருந்து ஐரோப்பா செல்ல ஏறத்தாழ இரு வாரம் கூடுதலாயிற்று. ஈராண்டு தாங்கும் டப்பாவிற்கு அது சிறு தாமதம். ஆறு மாதமே தாங்கும் தின்பண்டத்திற்குப் பெரும் இழப்பு. ஆகவே அறிவுள்ள வணிகர், பண்டம் கெடும் நாளையும் கப்பல் சேரும் நாளையும் ஒருங்கே எண்ணிப் பார்த்தே ஒப்பந்தம் செய்வர்.

இவை அனைத்தும் செவ்வனே நடந்தும் ஓரிடத்தில் தவறினால் என்ன நேரும்? 1964-ஆம் ஆண்டு மே மாதம் ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரில் டைபாய்டு காய்ச்சல் பரவியது. 500-க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். ஆய்ந்து நோக்கியபோது, 10,000 கிலோமீட்டருக்கு அப்பால் தென் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பெரிய மாட்டிறைச்சி டப்பா ஒன்றன்மேல் ஐயம் விழுந்தது. விசாரணைக் குழு கண்ட முடிவு சிந்தனைக்குரியது. டப்பாவைச் சூடாக்கியதில் குறை இல்லை. சூடான டப்பாவைக் குளிர்விக்க, குளோரின் கலக்காத ஆற்றுநீரைப் பயன்படுத்தியதாலேயே கேடு விளைந்தது எனக் கருதினர். டப்பா குளிரும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகும். மூட்டுவாயில் கண்ணுக்குத் தெரியாத துளை இருப்பின், ஒரு துளி நீர் உள்ளே உறிஞ்சப்படும். நகரின் கழிவு கலந்த ஆற்றின் அத்துளியில் டைபாய்டுக் கிருமி இருந்தது. அக்கிருமி வாயுவை வெளிவிடாதது. ஆதலால் டப்பா வீங்கவும் இல்லை, எச்சரிக்கவும் இல்லை. கடையில் அவ்விறைச்சியை அரிந்த கத்திப்பொறியே ஏனைய இறைச்சிகளையும் அரிந்தது, நோய் பரவியது. ஒரு துளி நீரைப் பற்றிக் கவலைப்படாத அலட்சியம் ஒரு பெருங்கடலைத் தாண்டி ஒரு நகரையே படுக்கையில் கிடத்திவிட்டது.

இனிச் சொல்வது மகிழ்ச்சிக்குரியது. 1960களின் பிற்பகுதியில் நான் தொடக்கப் பள்ளியில் பயின்றேன். அக்காலத்தில் கேர் என்னும் தொண்டு நிறுவனத்தின் வாயிலாக அமெரிக்காவிலிருந்து வந்த பால்பொடியும் கோதுமையும் நம் பள்ளிகளின் மதிய உணவிற்குப் பயன்பட்டன. மூட்டைகளின் மேல் இரு கைகள் ஒன்றையொன்று பற்றும் படம் இருக்கும். அப்பொழுது அதனை ஒரு படமாக மட்டுமே கண்டேன். முகமறியாத உழவன் ஒருவனின் விளைச்சல் இரு பெருங்கடல்களைக் கடந்து எங்கள் தட்டிற்கு வந்தது என்பதை ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் படித்தறிந்தபோது அப்படம் வேறு பொருள் தந்தது.

அத்தகைய பணி இன்றும் நடைபெறுகிறது. 1961-ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்ட ஐ.நா. உலக உணவுத் திட்டம், போராலும் பஞ்சத்தாலும் வாடும் நாடுகளுக்கு உணவு வழங்குகிறது. 2020-ஆம் ஆண்டு நோபல் அமைதிப் பரிசு பெற்றது. கடும் ஊட்டக்குறைவால் மெலிந்த குழந்தைக்கு முன்பெல்லாம் நீரில் கரைத்த பாலுணவைத் தந்தனர். தூய நீர் வேண்டும். கரைத்த பால் சில மணி நேரத்தில் கெடும். மருத்துவமனையிலேயே தங்க வேண்டும். 1996-ஆம் ஆண்டில் ஆந்த்ரே பிரியான் என்னும் பிரெஞ்சு மருத்துவரும் மிஷேல் லெஸ்கான் என்னும் உணவுப் பொறியியலாரும் ஒரு வழி கண்டனர். நிலக்கடலை விழுது, பால்பொடி, சர்க்கரை, எண்ணெய், உயிர்ச்சத்து, தாது உப்பு இவற்றை நீரின்றிக் கலந்து, 92 கிராம் பொட்டலமாக அடைத்தனர். ஒரு பொட்டலத்தில் 500 கலோரி, ஈராண்டு கெடாது, அடுப்பும் வேண்டா, நீரும் வேண்டா, தாயே வீட்டில் ஊட்டலாம். நீரில்லாவிடத்தில் நுண்ணுயிர் பெருகாது என்னும் விதியே இங்கும் துணை நிற்கிறது. நம் பாட்டியின் வடகத்தைக் காத்த விதியும் அதுதான்! 2007-ஆம் ஆண்டில் உலக நலவாழ்வு நிறுவனமும் யுனிசெப்பும் பிற ஐ.நா. அமைப்புகளும் இம்முறையை ஏற்றுப் பரிந்துரைத்தன.

அப்பொட்டலங்கள் 150 அடங்கியது ஓர் அட்டைப்பெட்டி. ஒரு குழந்தை நலம்பெற ஏறத்தாழ ஒரு பெட்டி தேவை. இப்பொழுது கணக்கு எவ்வளவு எளிதாகிவிட்டது, பாருங்கள்! அடுக்குபவர் அலட்சியத்தால் ஒரு பெட்டி நசுங்கிக் கெட்டால், இழப்பு இத்தனை டாலர் என்று கணக்கர் எழுதுவார். உண்மையில் அங்கே ஒரு குழந்தையின் பங்கு குறைகிறது.

மாணவர்களே! நீங்கள் கடைக்குச் செல்லும்போது டப்பாவைக் கையிலெடுத்துப் பாருங்கள். அது வீங்கியிருந்தாலோ, மூட்டில் நசுங்கியிருந்தாலோ, துருவேறிக் கசிந்தாலோ தொடாதீர்கள். தேதியைப் படியுங்கள், எந்நாட்டில் அடைத்தது என்பதையும் படியுங்கள். பின்னர், அது உங்கள் கைக்கு வந்த வழியை மனத்தால் ஒருமுறை நடந்து பாருங்கள். விளைவித்தவர், வெப்பத்தை அளந்தவர், நீரில் குளோரின் கலந்தவர், மூட்டைச் சோதித்தவர், பெட்டியை அடுக்கியவர், எடையை உண்மையாக எழுதியவர், கப்பலைச் செலுத்தியவர் என்று எத்தனை பேர்! அவர்களுள் ஒருவரும் உங்களைக் கண்டதில்லை. நீங்களும் அவர்களைக் கண்டதில்லை.

கண்ணெதிரே இருப்பவருக்கு நேர்மையாக நடத்தல் பெரும்பாலார்க்கு இயலும். வாங்குபவர் நம்மைத் தேடி வந்து கேட்பார் என்னும் அச்சமே பாதி நேர்மையைத் தந்துவிடும். கடலுக்கு அப்பால், ஆறு மாதம் கழித்து, எவரோ ஒருவர் திறக்கப்போகும் டப்பாவில் நேர்மையாக நடந்துகொள்வதற்கு அச்சம் துணைவாராது; மனச்சான்று ஒன்றே துணைவரும். நீங்கள் நாளை உழவராகலாம், பொறியாளராகலாம், வணிகராகலாம், துறைமுக அலுவலராகலாம். எப்பணி ஏற்பினும், காணாத ஒருவருக்காகக் கருத்துடன் செய்யும் பழக்கத்தை இன்றே, உங்கள் நோட்டுப்புத்தகத்தின் ஒவ்வொரு வரியிலும் தொடங்குங்கள்.